பணியில் முறிந்த காலும் விடுப்பில் பிசகிய காலும்

கேள்வி: ராணுவத்தில், மெட்ராஸ் ரெஜிமென்டில் 22 ஆண்டுகள் இருந்து 2012-ல் நாயக்காக ஓய்வு பெற்றேன். 2004-ல் காஷ்மீரில் ரோந்து போனபோது பள்ளத்தில் விழுந்து வலது கணுக்கால் முறிந்தது. தகடும் திருகும் வைத்தார்கள். 2009-ல் ஆண்டு விடுப்பில் ஊருக்கு வந்தபோது, கரையில் வத்தை என்ற சிறு படகிலிருந்து குதித்ததில் அதே கால் பிசகியது. ஓய்வு நேர மருத்துவக் குழு 20 சதவீத ஊனம் என்று எழுதிவிட்டு, பணிக்குச் சம்பந்தமில்லை என்றும் எழுதியது. ஊன ஓய்வூதியம் கேட்ட மனு தள்ளுபடி ஆனது. நான் மேல்முறையீடு செய்யவில்லை. இப்போது ஒருவர், அரசு மருத்துவமனையில் 40 சதவீதச் சான்றிதழ் வாங்கி வழக்குப் போடுகிறேன், நிலுவைத் தொகையில் 30 சதவீதம் கொடுங்கள் என்கிறார். சம்மதிக்கலாமா?
- முன்னாள் படைவீரர், திருப்பாலைக்குடி

பதில்: வேண்டாம். அவர் நீட்டும் தாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் அந்த 40 சதவீதச் சான்றிதழ். பஸ் சலுகைக்கும் மாநில அரசின் உதவித்தொகைக்கும் அது உதவும். ராணுவத்தின் ஊன ஓய்வூதியத்துக்கு உதவாது. இங்கே கணக்கில் வருவது நீங்கள் வெளியேறியபோது மருத்துவக் குழு எழுதிய சதவீதம்தான். இந்தக் கடற்கரையில் தொண்டி முதல் சாயல்குடி வரை இந்தச் சான்றிதழைக் காட்டி முன்பணம் வாங்கியவர்களின் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

உங்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை. ஓய்வு பெற்றவருக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவே 20 சதவீதம்தான். அது உங்கள் கையில் இருக்கிறது. அந்த 20, கணக்கில் 50 ஆக உயரும். 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை என்றால் 75, அதற்கு மேல் 100 என்பது விதி. பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூறுக்கு 9,000. இருபதுக்கு 1,800. ஐம்பதாக உயர்த்தினால் 4,500.

ஆகவே உங்கள் சண்டை சதவீதத்தைப் பற்றியதல்ல. 'பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை' என்ற ஒற்றை வரியைப் பற்றியது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நானா' என்பார்கள். மருத்துவக் குழு 2009-ஐப் பிடித்துக்கொண்டு 2004-ஐ விட்டுவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது 2004-ஐத் தோண்டி எடுப்பது.

உங்கள் ரெஜிமென்டின் தாள்களை வைத்திருக்கும் வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். கேட்க வேண்டியவை: 2004 காயத்துக்கான காய அறிக்கை (ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற எண்ணுள்ள படிவம்), விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவு, ராணுவ மருத்துவமனைக் குறிப்புகள், 2004-லிருந்து 2009 வரை உங்களை எந்த மருத்துவப் பிரிவில் (உடல்தகுதி வரிசையில்) வைத்திருந்தார்கள் என்ற தாள்கள், ஓய்வு நேர மருத்துவக் குழு அறிக்கை. கடைசிக்கு முந்தையதுதான் உயிர்நாடி. வத்தையிலிருந்து குதிப்பதற்கு முன்பே கணுக்காலுக்காக உங்களைக் குறைந்த பிரிவில் வைத்திருந்தால், கால் ஏற்கெனவே கெட்டிருந்தது என்று ராணுவமே எழுதிக்கொடுத்ததாக அர்த்தம். 'பழைய தாள்களை அழித்துவிட்டோம்' என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அதுவும் மனுவோடு போகட்டும்.

சேரும்போது உடலில் குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்த கேடு பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்பவர்தான் காரணத்தோடு நிரூபிக்க வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாயக்கும் ஹவில்தாரும் அதே கேள்வியோடு தனித்தனியாக வழக்குக்காகச் சென்னைக்கு சேது எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஒரு முறை தீர்ந்த கேள்வியை ஓராயிரம் முறை தீர்ப்பதில் யாருக்கு என்ன லாபமோ.

விடுப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எல்லோரும் வழுக்குவது இங்கேதான். ஆண்டு விடுப்பும் பணிதானே என்பார்கள். சம்பளத்துக்குப் பணி, காயத்துக்கு அப்படியில்லை. வீட்டில், தோட்டத்தில், கடலில் சொந்த வேலையாக இருந்தபோது பட்ட காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு வேண்டும் என்பதே நீதிமன்றத்தின் நிலை. விடுப்பில் சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு 2011-ல் ஜுஜார் சிங் வழக்கில் ஊன ஓய்வூதியம் கிடைக்கவில்லை. ஆனால் பயணம் வேறு. முகாமிலிருந்து விடுப்பில் ஊருக்கு வரும் வழியும், ஊரிலிருந்து முகாமுக்குத் திரும்பும் வழியும் பணியாகவே கொள்ளப்படும். ராமநாதபுரம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது கால் மடங்கினால் அது பணிக்காயம். வீட்டுக்கு வந்துவிட்டு மறுநாள் மச்சான் கல்யாணத்துக்கு மதுரை போகும்போது அதே ஸ்டேஷனில் அதே படியில் மடங்கினால் அது உங்கள் சொந்தக் காயம். படி ஒன்று, கால் ஒன்று, சட்டம் இரண்டு. பயண வாரண்டும் விடுப்புச் சான்றும் கையில் இருந்தால்தான் முதல் வகை என்று காட்ட முடியும். உங்கள் வத்தைக் குதிப்பு இரண்டாம் வகை. அதை மறைக்காதீர்கள், அதற்காக வாதாடவும் வேண்டாம். '2004-ல் கெட்ட கால், 2009-ல் இன்னும் கெட்டது' என்று எழுதினால் போதும்.

முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாத அவகாசம், அது உங்களுக்கு என்றோ முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரி இப்போதே அனுப்புங்கள். ஆறு மாதம் பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். தள்ளுபடி செய்தால் இரண்டாவது மேல்முறையீடு உண்டு. ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதம் வழக்கைக் கொல்லாது. ஆனால் தர்சேம் சிங் வழக்கின் 2008 தீர்ப்புப்படி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்றாண்டு நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவை கரைகிறது.

இனி அந்த 30 சதவீதக்காரர். வரப்போகும் ஓய்வூதியத்தை இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பது 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி செல்லாது. வெற்றி பெற்றால் பங்கு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதைப் பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. அதனால்தான் இவர்கள் பத்திரம் கேட்பதில்லை. நிரப்பாத வக்காலத்தில் கையெழுத்து, ஏ.டி.எம். கார்டு, ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தின் கடவுச்சொல் இவற்றைத்தான் கேட்கிறார்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு நிலுவைத் தொகை வந்த அன்றே கணக்கு காலியாகியிருந்தது. ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மனு எழுத அங்கே பணம் கேட்க மாட்டார்கள். ஆள் இருக்கையில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். தீர்ப்பாயத்தில் நீங்களே நேரில் வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

கடிதத்தின் ஓரத்தில், மண்டபத்தில் கடலோரக் காவல்படையிலிருந்து ஓய்வு பெற்ற மைத்துனரும் இதையே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அந்தத் தீர்ப்பாயம் தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு மட்டும்தான். அவருக்கான விதிகளே வேறு. அவருடைய தாள்களை உங்கள் கோப்போடு சேர்க்காதீர்கள்.