குறைந்த செலவில் வீட்டுத் தொலைக்காட்சிச் சேவையகம்: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): ஐயா, பதிவு செய்த நிகழ்ச்சிகளையும் குடும்ப வீடியோக்களையும் ஓரிடத்தில் வைத்து, வீட்டிலுள்ள இரண்டு தொலைக்காட்சிகளிலும் பார்ப்பதற்கு ஒரு சேவையகம் அமைக்க விரும்புகிறேன். கடையில் புதிய புரொசசர், கிராஃபிக்ஸ் கார்ட் என்று நீண்ட விலைப்பட்டியல் எழுதித் தந்தார்கள். இவ்வளவும் தேவையா?

பதில்: தேவையில்லை. வன்தட்டிலிருந்து கோப்பை வாசித்து, வலையமைப்பினூடாகத் தொலைக்காட்சிக்கு அனுப்புவதுதான் சேவையகத்தின் வேலை. கோப்பின் வடிவம் தொலைக்காட்சிக்கு விளங்குமானால், மிகப் பழைய கணினிகூட அந்த வேலையைச் சிரமமின்றிச் செய்துவிடும். விளங்காதபோதுதான் படத்தை வேறு வடிவத்துக்கு உடனுக்குடன் மாற்ற வேண்டியிருக்கிறது. அந்தப் பாரமான வேலையையும் இன்டெல் புரொசசர்களுக்குள்ளேயே இருக்கும் குயிக் சிங்க் என்ற பகுதி செய்துவிடுவதால், கிராஃபிக்ஸ் கார்ட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

நான் பரிந்துரைப்பது, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த, 7ஆம் தலைமுறை இன்டெல் புரொசசரான ஐ5-7500 உள்ள கணினியை. 6ஆம் தலைமுறை இன்டெல் புரொசசர்கள் எச்.265 என்ற வீடியோச் சுருக்க வடிவத்தில் 8 பிட் நிறமுள்ள படங்களை மட்டுமே முழுமையாகக் கையாளும்; 7ஆம் தலைமுறை 10 பிட் படங்களையும் கையாளும். உயர் தெளிவும் கூடுதல் நிற, ஒளி வேறுபாடும் கொண்ட 4கே எச்டிஆர் படங்களுக்கு இந்த 10 பிட் அவசியம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் புரொசசரை ஏற்பதில்லை. அலுவலகத்துக்கு உதவாமற்போன அந்த இயந்திரம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் நமக்குப் பல ஆண்டுகள் உழைக்கும். 8 ஜிபி நினைவகம் போதும். கையில் நூறு ரூபா இருந்தால், அதில் ஐம்பதுக்குக் குறையாமல் வன்தட்டுகளுக்கு ஒதுக்குங்கள்.

வாங்கும்போது பெட்டியின் அளவைக் கவனியுங்கள். புத்தக அளவிலான மினி கணினிகள் பார்க்க அழகானவை, ஆனால் 3.5 அங்குல வன்தட்டு அவற்றுக்குள் போகாது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அண்ணா, ஐ5-10400எஃப் புரொசசர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இலக்கத்தின் இறுதியில் வரும் ‘எஃப்’ என்ற எழுத்து, அதற்குள் கிராஃபிக்ஸ் பகுதி இயங்காது என்பதைக் குறிக்கிறது. கிராஃபிக்ஸ் இல்லையென்றால் குயிக் சிங்க்கும் இல்லை. வீடியோக்களை அடுக்கித் தொலைக்காட்சிக்கு அனுப்பும் மென்பொருளுக்கு ஜெலிஃபின் போதும். அதே வேலையைச் செய்யும் பிளெக்ஸில், குயிக் சிங்க் போன்ற வன்பொருள் வழியான மாற்றத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். ஜெலிஃபினில் அது இலவசம்.

கேள்வி (தெஹிவளை): மகன் விளையாடிய பழைய கணினி வீட்டில் சும்மா கிடக்கிறது. அதையே பாவித்தால் செலவே இல்லையே?

பதில்: வாங்கும் செலவு இல்லைத்தான், ஆனால் மின்சாரச் செலவு மாதாமாதம் வரும். பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினி வேலையின்றி இருக்கும்போது 80 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடி 30 நாளில் 57.6 அலகுகளை முடித்துவிடும். 20 வாட் எடுக்கும் அலுவலகக் கணினிக்கு 14.4 அலகுகளே போதும். நமது வீட்டுக் கட்டணம் 60, 90, 120, 180 அலகுகளில் படிப்படியாக ஏறுவதால், இவை இரண்டுக்கும் இடையிலான 43 அலகுகள் பெரும்பாலும் அடுத்த கட்டத்தின் உயர்ந்த விலையிலேயே விழும். கிராஃபிக்ஸ் கார்ட்டைக் கழற்றிவிட்டு, சுவர்ச் செருகியில் பொருத்தும் மின்அளவியை யாரிடமாவது இரவல் வாங்கி அளந்து பாருங்கள். 30 வாட்டுக்குள் வந்தால் அந்தக் கணினியையே பாவியுங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): லண்டனிலிருந்து வந்த மச்சான் யுஎஸ்பி தொலைக்காட்சி ட்யூனர் ஒன்று கொண்டுவந்து தந்தார். எத்தனை முறை தேடியும் ஓர் அலைவரிசைகூடப் பிடிக்கவில்லை. பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பில்லை. பிரித்தானிய ஒளிபரப்பு டிவிபி-டி, டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறைகளில் நடக்கிறது. இங்கே கூரை அன்டனாவில் நாம் பிடிப்பது ‘பால்’ (PAL) என்ற பழைய முறையிலான அனலொக் ஒளிபரப்பு. டிஜிட்டலுக்கு மாறுவதற்கு இலங்கை 2014இல் தெரிவு செய்ததும் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையைத்தான். ஆகவே பெட்டியில் அந்தப் பெயர் இல்லாத ட்யூனர் நாளைக்கும் உதவாது. அனலொக் ‘பால்’ முறையை ஏற்கும் ட்யூனரைக் கேட்டு வாங்குங்கள். படத்தைத் தானே சுருக்கித் தரும் வகையாக இருந்தால் மேலும் நல்லது. நொடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 1.8 ஜிபி பிடிக்கும்.

கேள்வி (மட்டக்குளி): அப்பாவின் வீடியோ கசெட்டுகளில் எங்கள் கலியாணமும் அக்காவின் அரங்கேற்றமும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றி வைக்க ஒரு 4 டெராபைட் வன்தட்டு வாங்குவதா, இரண்டு 2 டெராபைட் வாங்கி, ஒரே கோப்பு இரண்டிலும் தானாகவே பதியும்படி ரெயிட் போடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு 2 டெராபைட் வன்தட்டுகளை வாங்கி, ஒன்றைச் சேவையகத்தில் பொருத்துங்கள். மற்றதில் கசெட்டுகளின் பிரதியை எடுத்து வேறொரு வீட்டில், அக்கா வீட்டிலாவது, வைத்துவிடுங்கள். ரெயிட் ஒரு தட்டு பழுதாகும்போது மட்டுமே காப்பாற்றும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு தட்டிலும் ஒரே நொடியில் அழியும். மின்னல் தாக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். தொலைக்காட்சி நிகழ்ச்சி போனால் மறுஒளிபரப்பில் பார்க்கலாம், அரங்கேற்றத்தை மீண்டும் எடுக்க முடியாது.

கணினியைப் பாவித்ததாக வாங்கச் சொன்ன நான், வன்தட்டை மட்டும் உத்தரவாதத்துடன் புதிதாகவே வாங்கச் சொல்வேன். கண்காணிப்புக் கமெராக்களுக்கென்று விற்கப்படும் வகை, இடைவிடாத பதிவுக்காகவே செய்யப்பட்டது. புதியது என்று தந்தாலும், கடையை விட்டு இறங்குமுன் தட்டு தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் 9ஆம் இலக்கம் தட்டு ஓடிய மணித்தியாலங்கள். 5, 197 ஆகியவை கெட்ட பகுதிகளின் எண்ணிக்கை, இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். புதிதென்று என்னிடம் நீட்டப்பட்ட ஒரு தட்டு 9ஆம் இலக்கத்தில் 35,000ஐத் தாண்டியிருந்தது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணித்தியாலம் என்றால், அது நான்கு ஆண்டுகள் எங்கோ நிற்காமல் ஓடிய தட்டு.

கேள்வி (வெள்ளவத்தை): கடற்கரைப் பக்கத்து மாடி வீடு. உப்புக் காற்றுக்கு என்ன செய்யலாம்?

பதில்: நானும் கடற்கரை ரயில் பாதைக்கு அருகில் குடியிருப்பவன். ஒரு நாள் காலை என் சேவையகம் எழும்பவில்லை. திறந்து பார்த்தால் திருகாணித் தலைகளில் செம்மண் நிறத்துத் துரு, நினைவகத்தின் பொன்னிறத் தொடுமுனைகளில் மங்கலான படலம். அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துச் செருகியதும் இயங்கியது. அன்றிலிருந்து அதைக் கடல் பார்த்த யன்னலிலிருந்து உள்ளறைக்கு மாற்றி, காற்று நுழையும் வாயில் வடிகட்டித் துணி பொருத்தியிருக்கிறேன். எப்போதும் மிதமான சூட்டுடன் ஓடும் கணினியில் ஈரம் படிவது குறைவு, ஆகவே நாட்கணக்கில் அணைத்து வைக்காதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை திறந்து பாருங்கள்.

கேள்வி (கொழும்பு 6): அம்மாவுக்காகச் சேர்த்த தமிழ் வசன வரிகள் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வருகின்றன. இன்னும் வலுவான புரொசசர் வேண்டுமா?

பதில்: புரொசசருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த வரிகள், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. யூனிகோட்டுக்கு மாற்றி, யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் சரியாகிவிடும். எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தெரிந்தால் சேவையகத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். வசன வரிகளைத் தனி எழுத்துக் கோப்பாகவே வைத்திருங்கள், ஏனெனில் படவடிவ வரிகளைக் காட்டத் தெரியாத தொலைக்காட்சிக்கு அனுப்பும்போது முழுப் படத்தையும் மீண்டும் சுருக்க வேண்டிவரும்.