ஸ்டார், குடில், ஓலைப் பரிசு: கேள்வி பதில்

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே ஸ்டார் கட்டுவது, குடில் போடுவது, கையால் செய்து கொடுக்கும் சிறு பரிசுகள் ஆகியவற்றைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

நாகர்கோவில்: அண்ணே, பத்துக் குச்சியையும் ஒரே நீளத்தில்தான் வெட்டினோம். கட்டி முடித்துப் பார்த்தால் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. எங்கே தப்பு?

நீளம் சரியாக இருந்தால் மட்டும் போதாது தம்பி. குச்சிகள் ஒன்றையொன்று தாண்டும் இடமும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கண் மதிப்பில் வைத்துக் கட்டினால் ஏதாவது ஒரு கால் கட்டாயம் கோணும்.

கணக்கு எளிது. குச்சியின் நீளத்தை 0.382 ஆல் பெருக்குங்கள். வரும் அளவில் இரு முனையிலிருந்தும் பென்சில் கோடு போடுங்கள். 90 செ.மீ. குச்சிக்கு இந்தப் பக்கம் 34.4, அந்தப் பக்கம் 34.4, நடுவில் 21.2 மிச்சம். 60 செ.மீ. குச்சிக்கு 22.9. பத்துக் குச்சியிலும் கோடு போட்ட பிறகுதான் கட்டுக்கம்பியைக் கையில் எடுக்க வேண்டும்.

கையை எடுக்காமல் ஸ்டார் வரைவோமே, அதே வரிசையில் ஐந்து குச்சியைத் தரையில் அடுக்குங்கள். ஒவ்வொரு குச்சியும் ஒரு கோட்டில் மேலேயும் மறு கோட்டில் கீழேயும் போக வேண்டும். இப்படிப் பின்னினால் கட்டும் முன்பே சட்டம் தானாக நிற்கும். கோடும் கோடும் சேரும் ஐந்து இடத்தையும் முதலில் கட்டுங்கள், முனைகளைப் பிறகு கட்டுங்கள். பலர் முனையை முதலில் கட்டிவிட்டு நடுவை இழுத்துச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். கோணல் வருவது அங்கேதான்.

இதேபோல் இரண்டாவது சட்டத்தையும் கட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே, குச்சிகள் தாண்டும் ஐந்து இடத்திலும் முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே முட்டுக்குச்சி கொடுக்க வேண்டும். 90 செ.மீ. ஸ்டாருக்கு 16 செ.மீ. முட்டு போதும். உப்பலாக வர வேண்டும் என்று 20-ஐத் தாண்டினால் நீளக்குச்சி வில்லாக வளைந்து, முனைக் கட்டு நழுவும், இல்லாவிட்டால் குச்சி முறியும். முடித்தால் ஏறக்குறைய 85 செ.மீ. உயரம் வரும். திண்ணை வைத்த வீட்டுக்கு நிறைவாக இருக்கும்.

கம்பி முனையை உள்பக்கமாக மடக்கி விடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை போதும், தாளைக் கிழித்துவிடும்.

திசையன்விளை: மூங்கிலா, கமுகுச் சிம்பா? போன வருட மூங்கில் சட்டத்திலிருந்து மாவு மாதிரி கொட்டுகிறது.

எது கிடைக்கிறதோ அது. சிம்பு, அதாவது பிளந்த குச்சி, அகலம் 1 செ.மீ., தடிமன் 4 மில்லிமீட்டர் இருந்தால் வளையும், முறியாது. பச்சையாகக் கட்டாதீர்கள். காயும்போது சுருங்கிக் கட்டெல்லாம் தளர்ந்துவிடும். நிழலில் ஒரு வாரமாவது காய வேண்டும்.

கொட்டுவது உளுத்த மாவு. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் வண்டு வருகிறது. பிளந்த சிம்பை இரண்டு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, இடையிடையே தண்ணீர் மாற்றிக் காயவைத்தால் அந்தச் சத்து பெருமளவு கரைந்து போகும். உளுத்த சட்டத்தை இனிக் காப்பாற்ற முடியாது. புதிதாகக் கட்டுங்கள். சட்டத்தை ஒரு முறை ஒழுங்காகக் கட்டினால் பல வருடம் வரும், வருடாவருடம் மாற்ற வேண்டியது தாள் மட்டும்தான். அதனால்தான் சட்டத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

திருச்சி: தாள் எத்தனை துண்டு வெட்ட வேண்டும்? என்ன பசை?

மொத்தம் 22 துண்டு. முன்பக்கம் ஐந்து முக்கோணமும் நடுவில் ஓர் ஐங்கோணமும், பின்பக்கமும் அப்படியே, பக்கவாட்டில் பத்து முக்கோணம். எல்லா ஓரத்திலும் மடக்கி ஒட்ட ஒன்றரை செ.மீ. கூடுதலாக விடுங்கள். பட்டம் விடும் தாள் வெளிச்சத்தை நன்றாக விடும். சார்ட் பேப்பர் வேண்டாம், ஸ்டார் இருட்டடித்துப் போகும். பக்கவாட்டு முக்கோணங்களில் ஒன்றை மட்டும் ஒட்டாமல் கதவு மாதிரி விடுங்கள். பல்பு மாட்ட அதுதான் வழி.

பசைக்கு ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். மைதாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். ஆறிய பிறகு ஒட்டுங்கள், சூட்டோடு தடவினால் மெல்லிய தாள் இற்றுப்போகும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம். பிள்ளைகள் கூட உட்கார்ந்து ஒட்டும் வீட்டில் அதற்குப் பதிலாக ஒரு டீஸ்பூன் படிகாரத் தூள் போடுங்கள்.

தூத்துக்குடி: மைதாப் பசையெல்லாம் அந்தக் காலம் சார். டிசம்பர் மழையில் ஒரே இரவில் உரிந்து தொங்கும். ஃபெவிகால்தான் நிற்கும்.

மழையில் உரிகிறது என்பது உண்மை. ஆனால் ஃபெவிகால் ஒட்டிய பட்டத்தாளும் அதே மழையில் கிழிந்துதான் போகிறது. பசை நிற்கும், தாள் நிற்காது. மெல்லிய தாளில் ஃபெவிகால் தடவிய இடம் சுருங்கிக் கோடு கோடாகத் தெரியும், உள்ளே விளக்கு எரியும்போது இன்னும் பளிச்சென்று தெரியும். அடுத்த வருடம் பழைய தாளை எடுக்கும்போதுதான் வித்தியாசம் முழுதாகப் புரியும். மைதா என்றால் ஈரத்துணி வைத்துத் துடைத்ததும் சட்டம் சுத்தம். ஃபெவிகாலைச் சுரண்ட வேண்டும், சுரண்டும்போது சிம்பும் சேர்ந்து உரியும்.

தூத்துக்குடி மறுபடியும்: அடுத்த வருடத்தை நினைத்து இந்த வருடம் ஸ்டாரை வாசலில் கிழியவிட முடியுமா? கடற்காற்றில் முனைதான் முதலில் பிரிகிறது.

முனை பற்றிச் சொன்னது சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். காற்று முதலில் பிடிப்பது அங்கேதான், தாள் ஒட்டும் அகலமும் அங்கே குறைவு. முனையிலிருந்து நான்கு விரல் அகலத்துக்கும் வாலுக்கும் மட்டும் ஃபெவிகால் வையுங்கள், மற்றதெல்லாம் மைதா. மழைக்குப் பசையை நம்பாதீர்கள். ஒட்டியது நன்றாகக் காய்ந்த பிறகு மேலே கண்ணாடி பேப்பர் சுற்றுங்கள். ஈரத்தோடு சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

மார்த்தாண்டம்: ரெண்டும் வேண்டாம் அண்ணே, மரச்சீனி (மரவள்ளி) மாவுப் பசைதான் பெஸ்ட். எங்க ஊரில் எல்லாரும் அதுதான்.

நல்ல பசை. மைதாவைவிடத் தெளிவாகக் காயும், கறை தெரியாது. இரண்டாம் நாளே நீர்த்துவிடும் என்பதால் அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும். மரச்சீனி கிடைக்கும் ஊர்க்காரர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பசை பற்றி இன்னும் ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் இதுதான் பதில்.

விருதுநகர்: எத்தனை வாட் பல்பு போடலாம்?

எல்.இ.டி. மட்டும். 60 செ.மீ. ஸ்டாருக்கு 5 வாட், 90-க்கு 7 முதல் 9 வாட். மஞ்சள் வெளிச்சம் தரும் வார்ம் ஒயிட் வாங்குங்கள், வெள்ளை வெளிச்சத்தில் சிவப்புத் தாள் செத்துப்போன மாதிரி இருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். அதன் சூட்டில் தாள் கருகும், பிறகு பற்றும். ஹோல்டர் தாளில் படாமல் நடுவில் நிற்க, முட்டுக்குச்சிகளுக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டி அதில் தொங்கவிடுங்கள்.

ஒயர் ஹோல்டருக்குள் மேலிருந்து நேராக இறங்கக் கூடாது. ஹோல்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போக வேண்டும். மழைத்தண்ணீர் ஒயர் வழியாக ஓடி வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மதுரை: வீட்டில் பழைய 40 வாட் பல்பு இருக்கிறது, போடலாமா?

வேண்டாம். மேலே சொன்ன காரணம்தான்.

திண்டுக்கல்: குடில் மலை இயற்கையாக வர என்ன செய்வது? எங்களுடையது அட்டைப்பெட்டியை மூடின மாதிரியே இருக்கிறது.

தாளை அப்படியே போர்த்தினால் அப்படித்தான் இருக்கும். பிரவுன் பேப்பரை உருண்டையாகக் கசக்கி, விரித்து, மறுபடி கசக்குங்கள். நாலைந்து முறை கசக்கினால் தாள் துணி மாதிரி தளரும். அப்போது பசைத் தண்ணீர் தடவிப் பெட்டிகளின் மேல் போட்டு, விரலால் பள்ளங்களை அழுத்துங்கள். பெட்டியின் நேர்விளிம்பு தெரியும் இடத்தில் கசக்கிய செய்தித்தாளை உள்ளே திணியுங்கள்.

நிறத்தில்தான் மலை பிறக்கும். முதலில் கரும்பழுப்பை எல்லா மடிப்புக்குள்ளும் இறங்கும்படி அடியுங்கள். காய்ந்ததும், பிரஷ்ஷில் வெளிர் மண்நிறத்தைத் தொட்டு, பழைய துணியில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக லேசாக இழுங்கள். மேடுகள் மட்டும் வெளுக்கும், பள்ளங்கள் இருட்டாகவே நிற்கும். தள்ளி நின்று பார்த்தால் பாறை. பெரிய குடில் என்றால் சாக்கைக் களிமண் குழம்பில் முக்கிக் கம்புகளின்மேல் போடும் பழைய முறையே சிறந்தது. ஆனால் காய நான்கைந்து நாள் ஆகும், மழைக்காலத்தில் ஒரு வாரம்.

கோயம்புத்தூர்: தெர்மாகோல் மலைக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தேன், ஓட்டை ஓட்டையாக உருகிவிட்டது.

ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் பெயின்ட் மட்டும் அடிக்க வேண்டும். தெர்மாகோல் எளிதில் பற்றும் என்பதால் குடிலுக்கே அதை வேண்டாம் என்பேன். எதில் செய்தாலும் சரி, குடிலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். வைக்கோலும் காய்ந்த தாளும் இருக்கும் இடம் அது.

பாளையங்கோட்டை: குடிலில் பச்சைப்புல் வேண்டும். எப்போது விதைக்க?

கேழ்வரகு என்றால் டிசம்பர் 12, 13. கோதுமை 15. வெந்தயமோ கடுகோ 18 போதும். ஓர் இரவு ஊறவைத்து, அகலத் தட்டில் இரண்டு செ.மீ. மண் பரப்பி, விதை ஒன்றோடொன்று தொடும்படி நெருக்கமாகத் தூவி, முளை தெரியும்வரை ஈரத்துணியால் மூடுங்கள். முளைத்ததும் துணியை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் வெளிறி மஞ்சளாகச் சாயும். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள். தேங்கினால் மூன்றாம் நாளே நாற்றம் வரும்.

சென்னை: பாலன் இயேசு சொரூபத்தை எப்போது வைக்க வேண்டும்? மாடும் கழுதையும் பைபிளில் இல்லை என்கிறார்களே?

24 நள்ளிரவு வைப்பது பரவலான வழக்கம். உங்கள் பங்குக் கோவிலின் முறையை அங்குள்ள சாமியாரிடம் கேளுங்கள். பிறப்பைச் சொல்லும் நற்செய்திப் பகுதிகளில் மாடும் கழுதையும் இல்லை. ஏசாயா 1:3-இல் மாடு தன் எஜமானையும் கழுதை தன் முன்னணையையும் அறியும் என்று வருகிறது, அங்கிருந்து வந்த மரபு. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன.

ராமநாதபுரம்: ஸ்டாருக்கு எத்தனை வாட்...

விருதுநகர்க்காரருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

சாத்தான்குளம்: அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் பனையோலையில் ஏதாவது சொல்லுங்கள். போன தடவை மடிக்கும்போதே ஒடிந்தது.

காய்ந்த ஓலையைக் காய்ந்தபடியே மடித்திருப்பீர்கள். குருத்தோலையை வெயிலில் வெளுக்கவைத்து எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் வேலை தொடங்கும் முன் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, பிறகு ஈரத்துணியில் சுற்றி வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஈர்க்கை முழுதாக நீக்குங்கள். ஒரு நூலளவு ஈர்க்கு நின்றாலும் மடிப்பு உட்காராது.

நான்கு பட்டையில் மடிக்கும் சிறு ஸ்டார் நல்ல பரிசு. ஜெர்மனியில் கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃபுரோபலின் பெயரால் அறியப்படும் மடிப்பு அது. அகலத்தைப் போல 30 மடங்கு நீளம் வேண்டும், அதாவது ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு 45 செ.மீ. நான்கு பட்டையும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் கூடினாலும் கடைசிச் சுற்றில் செருகும்போது சிக்கும். நாலையும் சேர்த்து வைத்து ஒரே கத்தியால் ஓரம் சீவுங்கள். சாயம் போடுவதாக இருந்தால் கொதிக்கும் சாயத்தில் ஓலையை முக்கி, நிழலில் காயவைத்து, பிறகு மடியுங்கள். மடித்த பிறகு சாயமிட்டால் மடிப்புக்குள் வெள்ளையாகவே நிற்கும்.

சின்ன ஓலைப்பெட்டியில் முறுக்கோ கேக்கோ வைத்து, மூடியில் இந்த ஸ்டாரைக் கட்டிக் கொடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் என்றால் உள்ளே வாழையிலைத் துண்டு போடுங்கள், ஓலையில் ஏறிய எண்ணெய்க்கறை போகாது.

ஈரோடு: பிளம் கேக் அளவு சொல்ல முடியுமா?

சமையல் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

வேளாங்கண்ணி: சூசையப்பர் சொரூபத்தின் கை உடைந்துவிட்டது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஒட்டினால் நிற்குமா?

நிற்கும். உடைந்த இரு முகத்திலும் தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை இரு பக்கமும் சிறு துளையில் செருகி, எம்-சீல் பிசைந்து ஒட்டுங்கள். கம்பி இல்லாமல் ஒட்டினால் அடுத்த வருடம் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அதே இடத்தில் மறுபடி உடையும். ஓர் இரவு விட்டு, உப்புத்தாளால் தேய்த்து, ஒரு பங்கு ஃபெவிகாலில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஒரு கை பூசிக் காயவிட்டுப் பிறகு நிறம் அடியுங்கள். அப்படிப் பூசாவிட்டால் பிளாஸ்டர் பெயின்டை உறிஞ்சித் திட்டுத்திட்டாக நிற்கும்.