மினிஸ்டர் ஃபைல்ல கையெழுத்து போட்டுட்டா அது அரசாணை ஆயிடுமா?

கேள்வி: அரசு ஆபீஸ்ல ஜூனியர் அசிஸ்டென்டா இருக்கேன். இன்க்ரிமென்ட் கட் பண்ணி தண்டனை குடுத்தாங்க, அரசுக்கு சீராய்வு மனு போட்டேன். கோட்டையில எங்க துறை ஃபைல்ல 'தண்டனையை ரத்து செய்யலாம்'னு மினிஸ்டர் எழுதி கையெழுத்தே போட்டுட்டார், அந்தப் பக்கத்தோட போட்டோ என்கிட்ட இருக்கு. ஆனா கடைசில வந்த அரசாணைல மனு நிராகரிப்புன்னு இருக்கு. மினிஸ்டர் எழுதினத அமல்படுத்தச் சொல்லி கேஸ் போடலாமா சார்?

பதில்: அப்படி போட்டா நிக்காது சார். தலைமைச் செயலகத்துல ஒரு ஃபைல் பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர்னு படிப்படியா ஏறி மினிஸ்டர்கிட்ட போகுது, நடுவுல தேவைப்பட்டா மனிதவள மேலாண்மைத் துறையோட (முன்னாடி பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை) கருத்தும் கேப்பாங்க, இதுல யார் என்ன எழுதினாலும் அது அவங்க உள்ளுக்குள்ள பேசிக்கிறதுதான். அரசியலமைப்பு 166வது பிரிவுப்படி அரசு எடுக்கிற முடிவு ஆளுநர் பேர்ல வெளிய வரணும், அதான் அரசாணை அடியில 'ஆளுநரின் ஆணைப்படி'ன்னு போட்டு செயலாளர் கையெழுத்து இருக்கும். அது உங்க கைக்கு வந்து சேர்ற வரைக்கும் மினிஸ்டரே மனச மாத்திக்கலாம்.

பச்சிட்டர் சிங் எதிர் பஞ்சாப் அரசு கேஸ்ல உச்ச நீதிமன்றம் 1962லயே இத சொல்லிடுச்சு. அதுவும் கிட்டத்தட்ட உங்க கதைதான். டிஸ்மிஸ் ஆன ரெவின்யூ ஊழியர், டிஸ்மிஸ் வேணாம் பதவி இறக்கினா போதும்னு அப்ப தனியா இருந்த பெப்சு (பாட்டியாலா, கிழக்கு பஞ்சாப் ஒன்றியம்) மாநில மந்திரி ஃபைல்ல எழுதிட்டார், ஆர்டரா வெளிய வரல, 1956ல பெப்சு பஞ்சாப்போட சேந்துடுச்சு, பஞ்சாப் முதல்வர் டிஸ்மிஸ்தான் சரின்னுட்டார். அந்த ஊழியரும் மந்திரி எழுதினத புடிச்சுக்கிட்டுதான் போராடினார், தோத்துட்டார்.

அதனால கேக்குற விதத்த மாத்துங்க. வந்திருக்கிற நிராகரிப்பு ஆணைய ரத்து பண்ணுங்க, திரும்பப் பரிசீலிக்கச் சொல்லுங்கன்னு அரசியலமைப்பு 226வது பிரிவுக்குக் கீழ ஹைகோர்ட்ல ரிட் போடுங்க. நீங்க மனுல சொன்ன பாயின்ட் ஒண்ணுக்கும் பதில் சொல்லாம 'கவனமாகப் பரிசீலித்து நிராகரிக்கப்படுகிறது'ன்னு ரெண்டு வரில முடிச்சிருந்தா அதுவே உங்களுக்கு நல்ல ஆயுதம். எதிர்மனுதாரரா துறைச் செயலாளரையும் துறைத் தலைவரையும் போட்டா போதும், மினிஸ்டர் பேரெல்லாம் இழுக்காதீங்க.

அந்த போட்டோவ தாக்கல் பண்ணிடாதீங்க, எடுத்துக் குடுத்த புண்ணியவான் மேல நடத்தை விதில சார்ஜ் மெமோ பாயும். 10 ரூபா கட்டி ஆர்டிஐல குறிப்புப் பக்கங்களோட நகல் கேளுங்க, 30 நாள்ல பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. கோர்ட்டும் ஒரிஜினல் ஃபைல வரவழைச்சுப் பாக்கலாம், அப்போ அந்தக் குறிப்பு உரிமையா இல்லாட்டியும், தண்டனை ஜாஸ்தின்னு அரசுலயே ஒரு கருத்து இருந்துச்சுன்னு காட்ட உதவும். ஆனா ஆர்டிஐ பதில் வரட்டும்னு கேஸ தள்ளிப் போடாதீங்க, மறுபடி மறுபடி மனு எழுதிட்டிருந்தா தாமதத்துக்கு அது சாக்கா ஆகாது.

உங்க சார்ஜ் மெமோ ஒழுங்கு நடவடிக்கை விதில 17(ஏ)வா (சின்ன தண்டனைக்கு) 17(பி)யா (பெரிய தண்டனைக்கு), விசாரணை ஒழுங்கா நடந்துச்சான்னு நீங்க எழுதல. வக்கீல்கிட்ட போறப்ப அரசாணையோட அதையும் எடுத்துட்டுப் போங்க, பாதி கேஸ் அங்கதான் இருக்கு.