காஞ்சிபுரம் பட்டில் கோர்வைக் கரையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கரையைத் தனி நிறத்தில் நெய்து, எல்லையில் உடலோடு கோத்து இணைப்பதுதான் கோர்வை. முதலில் புடவையைத் திருப்பிப் போட்டு, கரையின் நிறத்தைப் பாருங்கள். சாதாரண நெசவில் உடலின் ஊடை இழை, அதாவது குறுக்காக ஓடும் நூல், கரைக்குள்ளும் ஓடுவதால், உதாரணமாக அரக்குக் கரையில் உடலின் பச்சை கலந்து மங்கலாகத் தெரியும். கோர்வையில் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடா (ஊடையைக் கொண்டு ஓடும் தறிக் கருவி) ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் எல்லையில் கோத்துக்கொண்டு திரும்பிவிடும், அதனால் கரை கலப்பில்லாத தனி நிறம். இதற்குப் பொதுவாகத் தறியில் இன்னொரு கை வேண்டும், கூலியும் கூடும்.

உடலும் கரையும் சேரும் இணைப்பை இரு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இடைவெளி விரிந்தால் கோப்பு தளர்வு. கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

முந்தி வேறு நிறமென்றால் உடலோடு சேரும் இடத்தில் பிட்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். உடலின் பாவும் முந்தியின் பாவும் (நீளவாக்கில் ஓடும் நூல்கள்) ஒன்றின் மேல் ஒன்றாய் நெய்யப்பட்ட, சற்றுத் தடித்த பட்டை அது.

ஜரிகை வேறு கதை. அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும் என்பார்கள். போலி ஜரிகையிலும் நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றலாம் என்பதால் அதை நம்பாதீர்கள். கடையில் எக்ஸ்ரே ஜரிகைச் சோதனைக் கருவி இருந்தால் வெள்ளி, தங்க விகிதத்தைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.