பாம்பின் கால்

கேள்வி: பாம்புக்குக் கால் இல்லாமல் போனதற்கான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே? 'பாம்பின் கால் பாம்பறியும்' என்ற பழமொழி அப்போது உண்மைதானா? இப்படி ஒவ்வொரு பிராணியின் ஜீனோமையும் (முழு டிஎன்ஏ தொகுப்பையும்) செலவழித்துப் படிப்பதால் நமக்கு என்ன பயன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பழமொழி உண்மைதான். மலைப்பாம்பைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கழிவுத் துவாரத்தின் இரு பக்கமும் கொக்கி மாதிரி இரண்டு சின்ன நகங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே சுருங்கிப்போன இடுப்பெலும்பும் தொடை எலும்பும் உண்டு. இணை சேரும்போது ஆண் பாம்பு அந்த நகங்களால்தான் பெண்ணை வருடும். ஆகவே பாம்பின் காலைப் பெண் பாம்பு நன்றாகவே அறியும்! நல்லபாம்புக்கு அந்த மிச்சமும் இல்லை.

ஆனால் 'கால் இல்லாமல் போனதற்கான மரபணு' என்று ஒன்று கிடையாது. கோபத்துக்கு மரபணு, கணக்குக்கு மரபணு, காதலுக்கு மரபணு என்று தலைப்புப் போடும் நாளிதழ்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. கருவில் கால் வளரத் தேவையான மரபணுவின் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். பாம்பிடம் அது பத்திரமாக இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் மூளையும் தண்டுவடமும் உருவாகவும் அதுதான் வேண்டும். கெட்டுப்போனது ஸ்விட்ச். 'காலில் மட்டும் எரி' என்று அந்த மரபணுவுக்குச் சொல்லும் சுமார் 800 எழுத்து (டிஎன்ஏவின் வேதி அலகு ஒவ்வொன்றும் ஓர் எழுத்து) நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு. விளக்கு ஒரு வீட்டில், ஸ்விட்ச் அடுத்த தெருவில் இன்னொருவர் வீட்டுக்குள் என்பது போல, அது சுமார் பத்து லட்சம் எழுத்துக்குத் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவே உட்கார்ந்திருக்கிறது.

ஒரே ஒரு ஜீனோமை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. நம் ஜீனோமில் புரதம் செய்வதற்கான குறிப்பு உள்ள பகுதி இரண்டு சதவீதம்கூட இல்லை. மிச்சக் காட்டில் எது ஸ்விட்ச், எது சும்மா கிடப்பது? மீன், கோழி, எலி, மனிதன் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறாமல் நிற்கும் துண்டுகள் தனியாகத் தெரியும். வேலை இல்லாத துண்டு அப்படி நிற்காது. 2013-இல் பர்மிய மலைப்பாம்பு, ராஜநாகம் இரண்டின் ஜீனோமும் வெளியாயின. மற்றவற்றில் சிதையாமல் நிற்கும் இந்தக் கால் ஸ்விட்ச் மலைப்பாம்பில் ஓரளவு சிதைந்திருந்தது, நாகத்தில் இன்னும் அதிகமாக.

அப்புறம் 2016-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் செய்ததை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எலியின் ஸ்விட்சை எடுத்துவிட்டு மனிதனுடையதை வைத்தார்கள். எலிக்குக் கால் சரியாக வளர்ந்தது. சீலகாந்த் என்ற ஆதி மீனுடையதை வைத்தார்கள், அப்போதும் வளர்ந்தது. துடுப்பை வளர்க்கும் ஸ்விட்ச் எலிக்குக் காலை வளர்த்துவிட்டது! பாம்பினுடையதை வைத்ததும் கால்கள் மொட்டையாக நின்றுவிட்டன. கடைசியாக, பாம்புகள் தொலைத்திருந்த வெறும் 17 எழுத்துகளை மலைப்பாம்பின் ஸ்விட்சில் திரும்பச் சேர்த்தார்கள். எலிக்கு முழுக் கால் வந்தது. முந்நூறு கோடி எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எலியின் ஜீனோமில் பதினேழு!

என்ன பயன் என்றா கேட்டீர்கள்? கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரலோடு குழந்தைகள் பிறக்கும் குடும்பங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குக் காரணம் இதே ஸ்விட்சில் ஓர் எழுத்து மாறியிருப்பது. மரபணுக்களை மட்டும் சோதித்தால் 'எல்லாம் சரி' என்றுதான் அறிக்கை வரும். ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டில், அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் திரியும் ஆறு விரல் பூனைகளுக்கும் இதே ஸ்விட்சில்தான் எழுத்து மாறியிருக்கிறது. இந்தப் பயன் எதுவும் தெரிந்து யாரும் பாம்பின் ஜீனோமைப் படிக்கத் தொடங்கவில்லை. பயனை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால்தான் பணம் என்றால் இந்த ஆராய்ச்சி நடந்தே இருக்காது.

பாம்பு என்று வந்துவிட்டதால் ஒரு பழைய வழக்கையும் முடித்துவிடுகிறேன். சாரையும் நல்லபாம்பும் பிணையாது என்று எழுதியதற்கு, வயலில் கண்ணால் பார்த்ததாகச் சிலர் இன்னும் கடிதம் போடுகிறார்கள். நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். உடம்பை முறுக்கிக்கொண்டு எழும்பி, எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும். தோற்றது ஓடிவிடும். சாரையும் நாகமும் வேறு வேறு குடும்பங்கள், பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. சாரைக்கு விஷமும் இல்லை, வயலில் எலியைத் தின்றுகொண்டிருக்கிறது. நாகத்தின் புருஷன் என்று சொல்லி அதை அடிக்காதீர்கள்.