ஆங்கிலத் திருப்புதல்: ஒரு கைக்கடிகாரமும் சில கேள்விகளும்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், தமிழ்வழி. முதல் திருப்புதல் தேர்வில் ஆங்கிலத்தில் 41 மார்க். கிராமர் பயிற்சியை நோட்டில் போட்டால் எல்லாம் சரியாக வருகிறது, பாசேஜ் கொடுத்துக் கேள்வி கேட்டால்தான் தடுமாறுகிறான். டியூஷனில் இன்னும் நாலு கிராமர் ஒர்க்‌ஷீட் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது போதுமா?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: போதாது அம்மா. ஒர்க்‌ஷீட்டில் அவனுக்கு எல்லாம் சரியாக வருவதற்குக் காரணம், அதன் தலைப்பிலேயே பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று எழுதியிருக்கும், பக்கத்திலேயே வினைச்சொல்லும் கொடுத்திருப்பார்கள், இவன் ‘ஹேட்’ போட்டு மூன்றாவது ஃபார்மை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவான். அந்த ‘ஹேட்’ வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று ஒருநாளும் அவனை யாரும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு பையனோடு உட்கார்ந்து படித்தது நினைவுக்கு வருகிறது. நானே எழுதிக் கொடுத்த மூன்று வரிதான். ‘முரளி வோர் ஹிஸ் லேட் கிராண்ட்ஃபாதர்ஸ் வாட்ச். இட் ஹேட் ஸ்டாப்டு அட் எய்ட், பட் ஹி டிட் நாட் நோட்டீஸ். ஹி ரீச்டு ஸ்கூல் ஆஃப்டர் தி செகண்ட் பெல்.’ கேள்வி, ‘வொய் வாஸ் முரளி லேட்?’ பையன் பென்சிலால் வரிவரியாகத் தடவி ‘லேட்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தான், முதல் வரியை அப்படியே எடுத்து எழுதிவிட்டான். கேள்வியில் இருக்கும் சொல் பாசேஜில் எங்கே இருக்கிறதோ அந்த வரிதான் விடை என்று பழகிய பிள்ளை, வேறு என்ன செய்வான்? அங்கே ‘லேட்’ என்றால் காலமான தாத்தா, தாமதம் இல்லை.

நான் தப்பு என்று சொல்லவில்லை. ‘இட்’ என்றால் எது என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, வாட்ச் என்றான். சரி, வாட்ச் எப்போது நின்றது, முரளி பார்த்த பிறகா, அதற்கு முன்னாலேயா? ‘முன்னாடியே நின்னுபோயிருந்தது’ என்றான். பாருங்கள், ‘ஹேட் ஸ்டாப்டு’ என்பதை அவனே தமிழில் சொல்லிவிட்டான். நின்றது, நின்றுபோயிருந்தது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் பேசும் தமிழிலேயே அவனிடம் இருக்கிறது, ஆங்கில வகுப்பில்தான் யாரும் அதைத் தொட்டுக் காட்டவில்லை. அதன்பிறகு விடையை அவனே எழுதினான்.

அதனால் அந்த 41 மார்க் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பாசேஜில் தப்பான ஒவ்வொரு இடத்திலும் இதை ஏன் எழுதினாய் என்று திட்டாமல் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை, ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’, ‘தே’ வரும் இடங்களில் இது யாரு, எது என்று கேட்டாலே பாதிக் குழப்பம் வெளியே வந்துவிடும். தேர்வில் வினாத்தாளைப் படிக்கவென்று முதலில் 10 நிமிடம் தருகிறார்கள் அல்லவா, அதில் பாசேஜுக்கான கேள்விகளை முதலில் படித்துவிட்டு அப்புறம் பாசேஜுக்குப் போகச் சொல்லுங்கள். 35 தாண்டிவிட்டான், அடித்தளம் இருக்கிறது. பயப்படாதீர்கள்.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஒரு வகுப்பில் 43 பேர், அதில் பத்துப் பன்னிரண்டு பேர் மெல்லக் கற்போர். போர்ஷன் முடிந்துவிட்டது, மூன்று வாரம் இருக்கிறது. கிராமரையும் காம்ப்ரிஹென்ஷனையும் தனித்தனியாகத் திருப்புவதற்கு நேரம் போதவில்லை.
– ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: தனித்தனியாகத் திருப்பவே வேண்டாம் டீச்சர். 2019-20இல் முதல் தாள், இரண்டாம் தாள் என்று இருந்ததை ஒரே தாளாக்கிவிட்டார்கள், நாம்தான் இன்னும் திங்கட்கிழமை கிராமர், செவ்வாய்க்கிழமை பாசேஜ் என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஒரே பத்தியை எடுங்கள், இரண்டையும் அதிலேயே பாருங்கள்.

‘தி பாய் ஹூ ஹெல்ப்டு தி ஓல்ட் மேன் வென்ட் ஹோம்.’ இதைக் கரும்பலகையில் எழுதி, வீட்டுக்குப் போனது யார் என்று கேளுங்கள். நிறையப் பேர் பெரியவர் என்பார்கள், ஏனென்றால் ‘ஓல்ட் மேன் வென்ட் ஹோம்’ என்று அடுத்தடுத்து கண்ணில் படுகிறது. தமிழில் ‘பெரியவருக்கு உதவிய பையன் வீட்டுக்குப் போனான்’ என்போம், உதவிய என்பது பையனுக்கு முன்னாலேயே வந்துவிடும், போனான் என்பதில் வரும் ‘ஆன்’ விகுதியும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு துணையும் இல்லை. ‘ஹூ’ முதல் ‘மேன்’ வரை ஸ்கேலால் மறைத்து மிச்சத்தைப் படிக்கச் சொல்லுங்கள், பின்வரிசைப் பிள்ளையும் சொல்லிவிடும். ‘ஹூ’வில் தொடங்கும் அந்தத் துணைவாக்கியத்துக்கு ரிலேட்டிவ் கிளாஸ் (clause) என்று பெயர் என்பதை அப்புறம் சொன்னால் போதும்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சும் இப்படித்தான். தமிழில் ‘நாளைக்கு வருவேன் என்று சொன்னான்’ என்றால், அவன் சொன்ன சொல்லை அப்படியே வைத்துவிட்டு ‘என்று’ போட்டுவிடுகிறோம், காலம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ‘வில்’ ‘வுட்’ ஆகிறது, ‘டுமாரோ’ ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகிறது, ‘ஐ’ ‘ஹி’ ஆகிறது. இந்த அட்டவணையை மனப்பாடம் செய்யவைப்பதைவிட, பேசினது யார், எப்போது, இப்போது நமக்குச் சொல்கிறவர் யார் என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தால் அட்டவணை தானாகப் புரியும்.

விடைத்தாள்களிலிருந்து தினமும் ஐந்து தப்பான வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, இருவர் இருவராகத் திருத்தச் சொல்லுங்கள். மெல்லக் கற்போரை ஒரே பெஞ்சில் ஒதுக்கிவிடாதீர்கள், ஜோடி சேர்த்துவிடுங்கள். அப்புறம் முக்கியமாக, புரிந்ததா என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், 43 பேரும் ‘யெஸ் மிஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: சினானிம் பட்டியலை மனப்பாடம் செய்தாலும் தேர்வில் மாறிவிடுகிறதே?
– பத்தாம் வகுப்பு மாணவி, ஆம்பூர்

பதில்: பட்டியலாகப் படித்தால் மாறத்தான் செய்யும் கண்ணு. அந்தச் சொல் பாடத்தில் வந்த வரியை நோட்டில் எழுது, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு சினானிமை அங்கே வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படி. வரி பொருந்தினால் சரி. மேலே முரளியின் வாட்ச் கதையில் ‘லேட்’ இருக்கிற இடத்தில் ‘டெட்’ வைத்துப் பார், ‘டிலேய்டு’ வைத்தும் பார்.