மூன்றரை டிகிரி மிச்சம்

அன்புள்ள ஐயா,

ஆன்டெனாவுக்குள் கிடந்த புறா எச்சத்தைக் கழுவப் போனவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்த கதையைப் படித்தேன். அறிவியலில் பாதி அதிர்ஷ்டம்தானோ? என் எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் கோட்டோடு ஒட்டாத மூன்று புள்ளிகளை எடுத்துவிட்டு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன், எனக்கு எந்தப் புறாவும் வரவில்லை. இன்னொன்று: பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது?

ர.

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லா இடத்திலும்தான். பிரபஞ்சத்துக்குச் சுமார் 3,80,000 வயதானபோது சூடு மூவாயிரம் டிகிரிக்குத் தணிந்து எலக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு சேர்ந்தன, அதுவரை முட்டி மோதிக்கொண்டிருந்த ஒளிக்கு வழி கிடைத்தது. அந்த ஒளி 1,100 மடங்கு நீண்டு, 2.7 கெல்வின் (சூடே இல்லாத நிலையிலிருந்து எண்ணும் டிகிரி) குளிரில், மைக்ரோ அலையாக இப்போதும் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. சரி.

புறாவை விடுங்கள். 1964இல் நியூ ஜெர்சி ஹோம்டெல்லில் ரேடியோ வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் புறா குடியிருந்த அந்தக் கொம்பு ஆன்டெனாவை வைத்துக்கொண்டு செய்தது கணக்கு. வானத்தைப் பார்த்தால் வரும் ரேடியோ இரைச்சல், வெப்பமாகச் சொன்னால், 6.7 கெல்வின். அதில் வளிமண்டலத்துக்கு 2.3, ஆன்டெனாவுக்கும் தரைக்கும் சேர்த்து 0.9. கழித்துப் பாருங்கள், 3.5 மிச்சம். எச்சத்தை வழித்தெடுத்த பிறகும் மிச்சம். மேலே சொன்ன அந்தப் பழைய ஒளிதான் அது, இன்றைய துல்லியமான அளவில் 2.7.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வரும். நான் ஒரு கூட்டுறவு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது, கம்ப்யூட்டர் வராத காலம். டே புக் டாலி ஆகவில்லை, 27 ரூபாய் இடித்தது. மேனேஜர் 'சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டுக் கிளம்புங்கப்பா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓய்வு பெற இருந்த அக்கவுண்டன்ட் மட்டும் எழுந்திருக்கவில்லை. 'ஒன்பதால வகுபடுது பார், யாரோ எண்ணைத் திருப்பி எழுதியிருக்கான்' என்றார். ஒன்பதரை மணிக்குக் கிடைத்தது: 63ஐ 36 என்று எழுதியிருந்தது நான்தான். அவர் திட்டவில்லை, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

அதே கொம்பில் அவர்களுக்கு முன்பே ஓம் என்ற பொறியாளர் அளந்திருக்கிறார், 1961இல் அச்சிலும் வந்தது. கருவியின் இரைச்சல் உட்படத் தெரிந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 18.9 வர வேண்டும், கருவி காட்டியது 22.2. அதாவது அதே மூன்று டிகிரி! பிழை வரம்புக்குள் அடங்குகிறது என்று விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டு எண்ணையும் ஒளிக்காமல் எழுதி வைத்தார். பின்னால் வந்த பென்சியாஸும் வில்சனும் திரவ ஹீலியத்தில் குளிர வைத்த ஒப்பீட்டுக் கருவியோடு மாற்றி மாற்றி அளந்தார்கள், அதனால் அந்த மிச்சத்தை வரம்புக்குள் தள்ளிவிட முடியவில்லை. இத்தனைக்கும் 1948லேயே ஆல்ஃபர், ஹெர்மன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் பெருவெடிப்பிலிருந்து இப்படி ஐந்து டிகிரி எச்ச வெப்பம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள், தேடிப் பார்க்க ஆளில்லை. ஆல்ஃபருக்கு அந்த வருத்தம் கடைசிவரை இருந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

நீங்களோ புறா வரவில்லை என்று அங்கலாய்க்கிறீர்கள், மூன்று புள்ளிகளை எடுத்ததை அரை வரியில், தலைமுடி வெட்டிக்கொண்டதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு! ஏன் ஒட்டவில்லை? கருவியா, கம்பியா, உங்கள் கை நடுக்கமா? ஒரு நாளாவது அதைத் தேடினீர்களா? ராத்திரி கண்விழிப்பது பெரிய விஷயமில்லை தம்பி, எதற்காக விழிக்கிறோம் என்று ஒன்று இருக்கிறது.

கோபமாக எழுதிவிட்டேன் போல. சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். அறிக்கையை எப்போது கொடுக்க வேண்டும்? அந்த மூன்று புள்ளிகளும் பழைய ஃபைலில் இன்னும் இருக்கின்றனவா?